இருநூற்றுப் பதினேழாம் பக்கம்

கடையநல்லூர் மைதீன் பிச்சை
வைக்கோல் லாரியின் ஜன்னல் வழியே நீட்டினார்.
"படிச்சுப் பாரும் ஓய், நம்ம பக்கத்துக் கதை.
கொன்னது யாருன்னு மட்டும் இப்பக் கேக்காதீரும்."

முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
அட்டையில் ஒரு கிணறு, மிதக்கும் ஒற்றைச் செருப்பு.
ஊருக்குக் கூவைக்குடி என்று பெயர் மாற்றியிருந்தாலும்
எஸ் வளைவை மறைக்க முடியவில்லை,
ரப்பர் ஷீட் காயும் நாற்றத்தையும்.
மூன்றாம் பக்கத்திலேயே பிணம்.

எனக்கு வேலை புளியரைச் சோதனைச்சாவடியில்.
ஆலப்புழையில் வாத்து செத்தால்
இங்கே எனக்கு இரவுப்பணி.
மலையிறங்கும் வண்டிச் சக்கரங்களுக்கு மருந்து தெளிக்க வேண்டும்,
நேரமும் எண்ணும் பதிவேட்டில் எழுத வேண்டும்.
இரண்டு மணிக்கு மேல் வண்டி குறையும்.
விளக்கடியில் ஈசல் உதிர உதிர
நான் கூவைக்குடிக்குள் போனேன்.

முதலில் தபால்காரரைச் சந்தேகப்பட்டேன்.
பிறகு லாட்டரி ஏஜென்ட் தங்கதுரையை.
மருந்துக்கடைக்காரர் மனைவி
கைக்கடிகாரத்தை எதற்குக் கழற்றினாள் என்ற யோசனையில்
ஒரு கோழி வண்டியைத் தெளிக்காமலே விட்டுவிட்டேன்.

அந்த நாவலில் ஒருவரையும் சும்மா விடுவதில்லை.
இன்ஸ்பெக்டர் ஜெபக்கனி
குடையோடு படிபடியாக ஏறி இறங்குகிறார்.
"பதினொரு மணிக்கு எங்க இருந்தீங்க?"
மாவு மில் கூலியிடம் கேட்கிறார்.
பஸ் ஸ்டாண்ட் கழிப்பறையில் காசு வாங்குகிறவனிடம் கேட்கிறார்,
அவன் யோசிக்கும்வரை நிற்கிறார்,
அவன் பெயரைப் பிழையில்லாமல் எழுதிக்கொள்கிறார்.

ருசி அங்கேதான் என்று எனக்குப் பட்டது.
ரத்தத்தில் இல்லை.
நாற்பத்தாறு வயதாகிறது,
பதினொரு மணிக்கு எங்கே இருந்தாய் என்று
என்னை ஒருவரும் கேட்டதில்லை.
வீட்டிலும்.

இருநூற்றுப் பதினேழாம் பக்கத்தில் நான் வந்தேன்.
இரண்டே வரி:
சோதனைச்சாவடியில் மருந்தடிக்கும் ஆள் தூங்கிக்கொண்டிருந்தான்.
ஜீப் கடந்து போனது.

நான் தூங்கவில்லை, ஓய்.

போன பங்குனியில் உலகம்மாள் வாய்க்காலில் கிடந்தாள்.
லாரிக்காரர்களுக்கு அவித்த மரவள்ளியும்
காந்தாரி மிளகாய்த் துவையலும் விற்றவள்.
சில்லறை இல்லையென்றால் "கெடக்கட்டும், நாளைக்குத் தா" என்பவள்.
கால் தவறி விழுந்தாள் என்று
ஒன்றரைப் பக்கத்தில் முடித்துவிட்டார்கள்.
வாய்க்காலில் தண்ணீர் கணுக்கால் அளவு.

அன்றைக்கு இரண்டு நாற்பதுக்கு
விளக்கணைத்து ஒரு வெள்ளை வேன் இறங்கி வந்தது.
நிற்காமல் போகப் பார்த்தது, கையை நீட்டினேன்.
நாலு சக்கரத்துக்கும் தெளித்தேன்.
எண்ணை எழுதினேன்.
யாராவது குடையோடு வருவார்கள் என்று
ஒரு வாரம் இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தேன்.

நீயே போய்ச் சொல்லியிருக்கலாமே என்பீர்.
சொல்லியிருக்கலாம்.

கொன்றது யாரென்று முந்நூற்றெட்டில் தெரிந்தது.
நல்ல முடிவுதான், முதுகு சில்லிட்டது.
ஆனாலும் திரும்ப இருநூற்றுப் பதினேழுக்கு வந்தேன்.
'தூங்கிக்கொண்டிருந்தான்' என்பதை அடித்தேன்.
ஓரத்தில் பென்சிலால்
தேதி, நேரம், வேனின் எண்,
கீழே என் பெயர், தகப்பன் பெயரோடு.

அடுத்த நடை வைக்கோலோடு வந்தபோது
மைதீன் பிச்சை புத்தகத்தை வாங்கிக்கொண்டார்.
புனலூரில் மர டெப்போக்காரர் கேட்டிருக்கிறாராம்,
அவருக்குப் பிறகு தென்மலையில் ஒரு நர்ஸ்.
"எப்பிடி இருந்துச்சு?"
"கீழ வைக்க முடியல" என்றேன்.

லாரி முனகிக்கொண்டு ஏறியது.
மலையேறும் வண்டியை எழுத வேண்டியதில்லை.
எழுதிக்கொண்டேன்.