நிகர எடை

மூன்று வருடமாக எனக்கு இரவு ஷிப்ட்.
கீழவளவு தாண்டி, குவாரி ரோட்டில் எடைமேடை.
லாரி ஏறும், எண் வரும், ரசீது கிழிப்பேன்.
குவாரி பாதி மூடிய பிறகு
இரவுக்கு நாலு வண்டி வந்தால் அதிகம்.

ஐப்பசி அடைமழையில் ஏழாம் நம்பர் குழிக்குள்
ஏதோ விழுந்தது.
பச்சைத் தண்ணீர் தெறிக்கவில்லை,
ஒரு வளையம்கூட விடவில்லை.
தவளைகள் மட்டும் ஒரே மூச்சில் நிறுத்தின.
மறுநாள் போலீஸ் வந்து டிரோன் விட்டது.
உள்ளே போன டிரோன் மேலே வந்து
நின்றவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி
பேட்டரி தீரும்வரை இறங்கவில்லை.

மூன்றாம் இரவு, இரண்டு நாற்பது.
மேடையில் வண்டி இல்லை. திரையில் அறுபது கிலோ.
(பத்துப் பத்தாகத்தான் காட்டும் அது.)
ஜன்னலைத் திறந்தேன்.
சேவுகன்.
போன மாசியில் கல் சரிந்து செத்துப்போன
கிரேன் ஆபரேட்டர் சேவுகன்.
கைலியை இடம் வலம் மாற்றிக் கட்டியிருந்தான்.
சிரித்தான். சிரிப்பு முடிந்த பிறகும்
பற்கள் உள்ளே போகவில்லை.
"டீ" என்றான்.
அந்த ஒரு சொல்லையே
வேறு வேறு குரலில் சொல்லிப் பார்த்தான்,
கொத்துச் சாவியில் எது சேரும் என்று
பூட்டில் போட்டுப் பார்ப்பவனைப் போல.

விடியுமுன் கதவைச் சுரண்டியது
இன்னொரு சேவுகன்.
இவன் நின்ற இடத்தில்
மழை நேராகத் தரையில் விழுந்தது.

"பவுனக்கா, அங்க நிக்கிறது நான் இல்ல.
செத்தவனுக்கு ஏதுக்கா எடை?
காலி வீடுன்னு நெனச்சு ஏறிட்டாய்ங்க.
அவய்ங்க ஊர்ல யாரும் சாகுறதே இல்ல போல.
எங்களப் பாத்தா அவய்ங்களுக்கு
யாரோ போட்டுட்டுப் போன எடம் மாதிரி இருக்கு.
நாங்க எங்க போறது?"

உள்ளே வா என்றேன்.
வேறென்ன சொல்ல?

அடுத்தடுத்த இரவுகளில் அறை நிறைந்தது.
நாலு வழிச்சாலையில் அடிபட்ட அடைக்கலம் வந்தார்,
ஹெல்மெட்டைக் கழற்ற மறுத்தபடி.
கிணற்றில் விழுந்த இரண்டு பெண்கள் வந்தார்கள்,
ஒருத்தியோடு ஒருத்தி பேசமாட்டார்கள்.
குன்றின் கல்படுக்கையில்
இரண்டாயிரம் வருடம் படுத்திருந்த துறவி
தம் படுக்கையில் வேறு யாரோ புரள்வதாகச் சொன்னார்.
அவர் தமிழ் எனக்குப் பாதிதான் புரிந்தது.
பயந்திருக்கிறார் என்பது முழுதாய்ப் புரிந்தது.

மேலூரில் யாரும் பயப்படவில்லை.
திரும்பி வந்தவர்களைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.
கறி எடுத்தார்கள். மாலை போட்ட படங்களைக்
கழற்றிப் பரண்மேல் வைத்தார்கள்.
நீக்கிய பெயரை ரேஷன் கார்டில் சேர்க்கச் சொல்லி
தாலுகா ஆபீசில் வரிசை.
வந்தவர்கள் வெயிலில் அசையாமல் நின்றார்கள்,
வரிசையில் நிற்பதற்கே
அத்தனை தூரம் வந்தவர்கள் மாதிரி.

நேற்று இரவு பைக்கில் அவன் வந்தான்.
பின்சீட்டில் இருளாயி, சேவுகன் பெண்சாதி,
தலை நிறையக் கனகாம்பரம்.
மேடைமேல் நிறுத்தி என்னைப் பார்த்தான்,
வேண்டுமென்றே.
பைக் நூற்றுப்பத்து.
அவன் அறுபது.
திரையில் நூற்றெழுபது.
மறுபடி பார்த்தேன்.
நூற்றெழுபதுதான்.
இருளாயி சிரித்துக்கொண்டே எனக்குக் கை காட்டினாள்,
நன்றாயிருக்கிறேன் என்கிற மாதிரி.

என் பின்னால் நின்று
சேவுகன் அதைப் பார்த்தான்.
வெகுநேரம் பேசவில்லை.
பைக் சத்தம் தேய்ந்த பிறகு
என் கையைத் தொட்டான்.
தொட்டது தெரிந்தது எனக்கு.
இதுவரை தெரிந்ததில்லை.

"அக்கா, நீ ஒரு தடவ ஏறிப் பாரேன்."

ஃபேனைக் கூட்டி வைத்தேன்.
ரசீதுத் தாள் தீர்ந்துவிட்டதென்று
காலையில் முதலாளியிடம் சொல்ல வேண்டும்.
வீட்டுக்குப் போகும்போது
மேடையைச் சுற்றி, சேற்றில் இறங்கித்தான் போவேன்.
எப்போதும் அப்படித்தான்.
திரும்பிப் பார்ப்பதில்லை,
சேற்றில் தடம் விழுந்திருக்கிறதா என்று.