ஜன்னலுக்கு இருபத்திரண்டு வெள்ளி

கேலாங்கில் மலிவு என்றான் தம்பி,
பிறகு அவனே "உனக்கு வேண்டாம்க்கா" என்றான்.
தேக்காவில் தங்கினால்
ஞாயிற்றுக்கிழமை சாலை முழுக்க நம்மாட்கள்;
"எந்த ஊரும்மா, தனியாவா?" என்பார்கள்.
அதற்குப் பதில் சொல்லவா
நாலு மணிநேரம் பறந்து வந்தேன்?

லாவெண்டரில் இறங்கினேன்.
ரயில் நிலையத்திலிருந்து விடுதிவரை
முந்நூற்றுப் பன்னிரண்டு தப்படி,
எரியாத விளக்கு ஒன்றுகூட இல்லை.

வரவேற்பில் இருந்த ஹுய் மின்
கடவுச்சீட்டைப் பார்த்தாள்.
எனக்குப் பின்னால் யாரையும் தேடவில்லை.
இருப்பது ஜன்னல் இல்லாத அறை,
ஜன்னல் வேண்டுமென்றால்
இருபத்திரண்டு வெள்ளி கூட, என்றாள்.

மூடிய அறைதான் பத்திரம் என்றது
நாற்பத்தோரு வருஷம் சோறு போட்டு வளர்த்த பயம்.
சங்கிலி மாட்டி,
நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து,
செருப்பைக்கூடக் கட்டிலுக்கடியில் தள்ளிப்
படுத்தால்
விடிந்ததா என்றே தெரியவில்லை.

மறுநாள் வெள்ளியைக் கட்டிவிட்டேன்.
எதிர் அடுக்குமாடியில், மூங்கில் கழியில்,
யார் சட்டையோ சொட்டிக்கொண்டிருந்தது.
இரவு பதினொன்றரைக்குக் கீழே போய்
தே ஹாலியா வாங்கினேன்.
கடைக்காரர் கேட்டதெல்லாம்
சீனி குறைக்கவா என்றுதான்.

நாற்காலி இன்னும் கதவுக்குத்தான் முட்டு.
ஜன்னலோரம்
நின்றுகொண்டே குடிக்கிறேன்.