கமன்சாக்கா

விடியற்காலை ஐந்தரை.
கோகிம்போவுக்கு வடக்கே ஒரு மொட்டை மேடு.
கடல் தெரியவில்லை; கீழே எங்கோ
பாறையோடு வழக்காடிக்கொண்டிருந்தது.
எவுதோசியோ முன்னால் போனார்.
பத்தடியில் அவர் முதுகு போயிற்று,
பன்னிரண்டில் தொப்பி.
அதன்பின் அவருடைய ஆட்டின் கழுத்துமணியைப் பிடித்துக்கொண்டுதான்
நடந்தேன்.

இங்கே இதற்குப் பெயர் கமன்சாக்கா.
மழை வருடத்துக்கு நாலு தடவை வந்தால் அதிகம்.
இது வரும்.
கடலிலிருந்து எழுந்து, கதவைத் தட்டாமல்,
வாங்கிய கடனைத் திருப்பித் தர வந்தவன்போல
தலையைக் குனிந்துகொண்டு.

முகட்டில் மூன்று வலைகள்.
இரண்டு கம்பங்களுக்கு நடுவே கறுப்பாய் விறைத்து,
மீனில்லாத உயரத்தில்.
கீழ்விளிம்பில் பிளந்த குழாய்,
குழாயில் சொட்டு,
சொட்டுக்கும் சொட்டுக்கும் இடையில்
எவுதோசியோ மூச்சை நிறுத்திக் கேட்கும் அந்த இடைவெளி.

கேமராவுக்குப் பிடி கிடைக்கவில்லை.
கண்ணாடியைத் தொலைத்தவன் மேசையைத் தடவுவதுபோல
லென்ஸ் முன்னும் பின்னும் முனகியது.
கையால் திருப்பினேன்.
மீட்டர் பேச்சைக் கேட்டால் வெள்ளை சாம்பலாகிவிடும்;
ஒரு படி கூட்டி வைத்தேன்.
படத்துக்கொரு முறை சட்டை நுனியால் துடைத்தேன்.
சட்டை நனைந்தது.
துடைப்பதை விட்டேன்.

இரவு அவர்கள் சமையலறையில் மடிக்கணினி.
பக்கத்தில் ஒரு துண்டு ஆட்டுப்பால் சீஸ், பாதி ரொட்டி.
சான்டியாகோவிலிருந்து பணம் கொடுத்தவர்கள் எழுதியிருந்தார்கள்:
‘ஆண்டறிக்கையின் அட்டைக்கு.
வலைகள் பளிச்சென்று தெரியட்டும்.’

அதற்கென்றே ஒரு பட்டை இருக்கிறது,
மூட்டம் நீக்க.
இருபதில் வலையின் கயிறுகள் வந்தன.
நாற்பதில் பின்னால் கள்ளிகள், ஒவ்வொன்றும் முள்ளோடு.
எழுபதில்
நான் நிற்கவே நிற்காத ஒரு காலை,
சிராய்த்த மாதிரி நீல வானம்.

ஒர்ஃபெலினா பால்துணியைப் பிழிந்துகொண்டே எட்டிப் பார்த்தார்.
“எப்போது எடுத்தது?”
“இன்று காலை.”
“இல்லை. இன்று தொட்டியில் முந்நூற்றுப் பத்து லிட்டர்.
இந்தப் படத்தில் அரைக் குவளைகூடத் தேறாது.”

பட்டையைப் பின்னால் இழுத்தேன்.
நாற்பது. இருபது.
அவர் திரையைப் பார்க்கவில்லை,
தொட்டியின் அளவுகோலைப் பார்க்கிற முகம்.
சுழியத்தையும் தாண்டி, ஆசையில், கழித்தல் பக்கம் போனேன்.
கம்பங்கள் பென்சில் கோடாயின.
அழகாகத்தான் இருந்தது.
“அவ்வளவு வேண்டாம்,” என்றார்.
“அது போன ஆகஸ்ட். கயிறு அறுந்தது.”
கூட்டல் ஆறுக்கு வந்தபோது
விரலை மேசையில் வைத்தார்:
“முந்நூற்றுப் பத்து.”

அங்கேயே விட்டேன்.
இடது மூலையில் லென்ஸில் விழுந்த துளியையும்
அழிக்கவில்லை.

மறுநாள் வானம் துடைத்துவைத்திருந்தது.
கிழக்கே மலைத்தொடர் முழுக்க, பனிமுடி முடியாக.
பத்து வருடத்தில் நான் பார்த்த மிக நல்ல வெளிச்சம்.
எவுதோசியோ வெளியே வந்தார், பார்த்தார்,
அதன் தாயைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார்,
திரும்ப உள்ளே போனார்.

நானும் கேமராவை எடுக்கவில்லை
என்று சொல்ல ஆசைதான்.
நாற்பத்திரண்டு படம் எடுத்தேன்.
அட்டையில் வந்திருப்பது அவற்றில் ஒன்று.
துளி விழுந்த படம் பதினேழாம் பக்கத்தில்,
தபால்தலை அளவில்.

சமையலறை ஆணியில் தொங்கும் ஒர்ஃபெலினாவின் நோட்டில்
அட்டைப்படத்துத் தேதிக்கு எதிரே
ஒரு சிறிய கோடு.