வளைவு

பழைய சர்வே படத்தில் அது
ஒரு புருவம் அளவுக்குத்தான் இருந்தது.
அகலப்பாதை போட்டபோது நேராக்கினார்கள்.
நேராக்கியதில் விடுபட்டது
ஒன்றேகால் மைல் வளைவும்
குறிச்சிக்கரடு ஸ்டேஷனும்.

அயோத்தியாப்பட்டணம் தாண்டி பஸ் இறங்கி
நானும் அப்துல் வாகித்தும் நடந்தோம்.
சீமைக்கருவேலத்துக்கு அடியில் ஜல்லி கிடந்தது.
"எண்ணெய் குடிச்ச கல்லு, பாரு,
ரோட்டுக் கல்லு இப்படிக் கறுக்காது" என்றான்.

தண்டவாளம் துண்டு துண்டாக வழியில் கிடைத்தது.
ஒரு மாட்டுக் கொட்டகைக்கு உத்திரமாக.
பிறகு முனியப்பன் முன்னால், நட்டுவைத்து,
மஞ்சள் பூசி, உச்சியில் எலுமிச்சம்பழம்.
இடுப்பில் 1927 என்று எழும்பி நின்றது.
தொடப்போன வாகித்
கையை எடுத்துக்கொண்டான்.
செருப்பைக் கழற்றியிருக்கவில்லை.

ஸ்டேஷன் ஒரு சேகோ ஆலைக்குள் இருந்தது.
காம்பவுண்டுக்கு வெளியிலேயே
கிழங்குத் திப்பியின் புளித்த வாடை.
டிக்கெட் ஜன்னலில் எடைச்சீட்டு கொடுத்தார்கள்,
காசு தேய்த்துக் குழிந்த அதே கல்லில்.
பிளாட்பாரம் முழுக்க ஜவ்வரிசி காய்ந்தது.
முந்நூறு அடி வெள்ளை. கண் கூசியது.

"செருப்பு வேண்டாங்க, திங்கிற பொருளு"
என்றாள் பூவாயி.
இங்கே கழற்றினோம்.

மதியம். பெண்கள் பலகைகளைச் சாய்த்துவிட்டு
பிளாட்பார விளிம்பில் கால் தொங்கவிட்டு
போசியைத் திறந்தார்கள்.
கீழே, வண்டி நின்ற இடத்தில்,
எருக்கும் முழங்கால் உயரப் புல்லும்.

தெற்கே நேர்பாதையில்
சேலம் போகிற வண்டி கூவியது.
கண்ணுக்குத் தெரியவில்லை.
உள்ளங்காலில் மட்டும் ஒரு நடுக்கம்.
பேச்சு நிற்காமல், பருக்கை சிந்தாமல்
ஆறு பேரும் ஒரே நேரத்தில்
கால்களை மேலே இழுத்துக்கொண்டார்கள்.

எனக்குத் தொண்டை அடைத்தது.
நோட்டை எடுத்து அவசரமாக எழுதினேன்:
'வண்டி போய் இத்தனை வருஷமாகியும்
இந்த விளிம்பு வழி விடுகிறது.'

வாகித்துதான் கேட்டான்,
"ஏனக்கா, பழக்கமா?"

ஊறுகாயை வழித்தபடியே சொன்னாள்:
"பூச்சி இருக்குதுங்க கீழ.
தரை அதிர்ந்தா வெளிய வரும்.
தினமும் இந்த வண்டிக்குத்தான்."

குனிந்து பார்த்தோம்.
ஸ்லீப்பர் கிடந்த பள்ளத்திலிருந்து
ஜல்லியின் அதே கறுப்பில்
கிளம்பியது.
தண்டவாளம் இருந்த தடத்திலேயே,
அவசரமில்லாமல்,
மேற்கே பார்த்துப் போனது,
போய்க்கொண்டே இருந்தது,
வால் வர அவ்வளவு நேரம்.

அந்த வரியை அடித்தேன்.
வாகித் கடிகாரம் பார்த்தான்.
"பன்னெண்டு நாப்பது" என்றான்.
"அதை எழுதிக்கோ."