இருநூற்று ஐம்பத்தொன்று

கோரிமேடு ஆஸ்பத்திரி, இரவு இரண்டே கால்.
புதிய பதிப்பு ஏறிவிட்டது.
ஏறியதும் வீட்டு ஓனர் மாதிரி
தலை எண்ண ஆரம்பித்தது.
பழையது ஒரு மாடியை ஒன்றாக எண்ணும்,
இது ஒவ்வொரு பெட்டியையும்.

வாங்கிய உரிமம் இருநூற்றைம்பது.
இருப்பது ஒன்று கூட.

சப்போர்ட்டில் ஒரு பையன், குரலெல்லாம் தூக்கம்:
"மேடம், ஆர்டர் நம்பர்?"
ஆர்டர் போட்ட தேசிங்கு சார்
ஏனாமுக்கு மாற்றலாகிவிட்டார்.
பீரோ சாவியும் அவரோடு போயிருக்கலாம்.

பழைய பதிப்புக்குத் திரும்பலாம்தான்.
அது பழைய சர்வரின் எண்ணோடு முடிச்சுப் போட்டது;
அந்த சர்வரை மார்ச்சில் ஏலம் விட்டோம்,
கிலோ கணக்கில்.

எதை விடுவது?
டயாலிசிஸ், கூடாது. ரத்த வங்கி, கூடவே கூடாது.
கேன்டீன்? பில் நின்றால்
கண்காணிப்பாளருக்கே போன் போகும்.
பிணவறை சுவிட்சின் மேல் கர்சர் சற்று நின்றது.
காலையில் நாலு பேர் வருவார்கள், சான்றிதழுக்கு.

கடைசியில்
என் நாற்காலிக்குப் பின்னால் இருப்பதை நீக்கினேன்.
திரை முழுக்கப் பச்சை.
இந்த அறை மட்டும் வரைபடத்தில் இல்லை.

கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன்:
விளக்கு சிமிட்டுகிறது.
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை
இப்படிப் பார்க்கத்தான்
மென்பொருள் வாங்கினார்கள்.