கேட்டு போட்டிருக்கு

சோப்புத்தூள் இரண்டு பாக்கெட்,
மஞ்சத்தண்ணி மூன்று குடம்.
பிழிந்த எலுமிச்சந்தோலால் பலகையை
முட்டி போட்டுத் தேய்த்தேன்.
அப்படியும் போகவில்லை வாடை.
பதினோரு வருஷம் காசிமேட்டிலிருந்து
ஐஸும் வஞ்சிரமும் சுமந்த மரம்,
குடித்ததை ஒரே நாளில் கக்கிவிடுமா?

"டிராக்டர்காரன் ஏமாத்திட்டான் ஏகா,
இந்த வருசம் உன் மீன்பாடிதான் தேரு"
என்றார் தர்மகர்த்தா துரைக்கண்ணு.
பூசாரி மட்டும் மூக்கைச் சுளித்தார்.
"நாளைக்குப் படையல்ல
கருவாட்டுக் கொழம்பு வெப்பியா மாட்டியா?"
என்றேன். பேசாமல் பூவைக் கட்டினார்.

மீன்பாடியில் பாரம் முன்னால்,
ஓட்டுகிறவன் பின்னால்.
துலுக்காணத்தம்மன் ஏறி உட்கார்ந்தாள்.
ஊருக்கெல்லாம் முகம்,
எனக்கு முதுகு.

முதுகு என்றால்
மூங்கில் பட்டை, கொச்சக்கயிறு,
கிரீடத்தை நிறுத்த ஒரு எண்ணெய் டின் தகரம்,
இருபத்தேழு ஊக்கு (தெருத் தெருவாய் எண்ணிவிட்டேன்),
எம்.சி. ரோட்டில் எடுத்த புடவையில்
கிழிக்க மறந்த விலைச்சீட்டு:
நானூற்றி எண்பது.
முன்னால் கற்பூரம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள்.
நான் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு
அந்த நானூற்றி எண்பதைப் பார்க்கிறேன்.

கொருக்குப்பேட்டை கேட்டு வந்தபோது
தூறல் விட்டிருந்தது.
கேட்டு போட்டிருந்தது.

பம்பை நிற்கவில்லை, ஷேர் ஆட்டோ ஹாரன் நிற்கவில்லை.
சுலோச்சனாக்கா மேல் இறங்கிவிட்டாள்.
தலைமுடி அவிழ, கம்பியைப் பிடித்து உலுக்கி,
"யார்ரா எனக்கே கேட்டு போட்டது!"

கேபினிலிருந்து இறங்கி வந்தான் பீகார்ப் பையன்,
ஒரு கையில் சிவப்புக் கொடி, ஒரு கையில் பச்சை.
இரண்டையும் சேர்த்துக் கும்பிட்டான்.
"மாயி... வண்டி போணும்.
போனா தொறக்கும், மாயி."

சுலோச்சனாக்கா அவனை முறைத்தாள்.
நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்தோம்.
பிறகு, மார்க்கெட்டில் விலை படிந்த குரலில்,
"செரி, நிக்கிறேன்.
பசிக்குதுடா, கூழ் ஊத்து" என்றாள்.

அங்கேயே இறங்கியது அண்டா.
பைக்கில் காத்திருந்தவன், டெலிவரிப் பை மாட்டிய பெண்,
டியூஷன் முடிந்த பிள்ளைகள்,
யாருக்கு எந்தத் தெரு என்று கேட்கவில்லை.
கேழ்வரகுக் கூழில் வெங்காயம் மிதந்தது.
கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
பீகார்ப் பையனும் ஒரு சொம்பு குடித்தான்,
கண் மட்டும் தண்டவாளத்தில்.

அப்போதுதான் வந்தது கூட்ஸ்.
எண்ணெய் டேங்கர்கள், ஒன்றன்பின் ஒன்றாக,
மழையில் நனைந்த கறுத்த வயிறுகள்.
முதல் டேங்கரில் ஏதோ மினுங்கியது.
இரண்டாவதில் பார்த்தேன்:
சீரியல் விளக்கின் சிவப்பு, மஞ்சள்,
நடுவே வெள்ளிக் கண்மலர் இரண்டு.
முகம் என்று சத்தியம் செய்ய முடியாது.
வளைந்து, நீண்டு, ஈரத்தில் வழிந்து.
டேங்கர் தீர்ந்தால் இருட்டு,
அடுத்த டேங்கரில் திரும்ப அவள்.
வந்தாள், போனாள்,
வந்தாள், போனாள்,
முப்பத்தொன்பது முறை.

"எவ்ளோ நீளம்டா இது" என்று எவனோ திட்டினான்.
இன்னும் நாலு பெட்டி கோத்திருக்கலாம்
என்று எனக்குத் தோன்றியது.

கேட்டு திறந்தது.
தண்டவாள இடுக்கில் முன்சக்கரம் சிக்க,
பையன்கள் தள்ள, வண்டி குலுங்கி ஏற,
பின்பக்கம் ஒரு ஊக்கு தெறித்தது.
யாரும் பார்க்கவில்லை.
இருபத்தாறு போதும் என்று
அவளும் நேராகத்தான் உட்கார்ந்திருந்தாள்.

விடியற்காலை மூன்றரைக்குக் காசிமேட்டில்
ஐஸ் ஏற்றும்போது பலகை இடுக்கில் கிடைத்தது.
கோயிலில் கொடுத்திருக்க வேண்டும்.
சட்டையில் மூன்றாவது பொத்தான்
ஆனியிலேயே அறுந்துவிட்டது.
அந்த இடத்தில் குத்திக்கொண்டேன்.