வாய் மூடும் விதம்

எட்டாய் மடிந்த கோது
மறுபடி ஆறாய் மடியாது.
பிளாஸ்டிக்குக்கு ஞாபகம் அதிகம்.
முதல் தடவை யார் எப்படி மடித்தார்களோ
அந்தக் கோட்டிலேயே போய்ப் படுக்கும்.

ஆகவே முதலில் பிரிக்கவேண்டும்.
சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பர் விரித்து
இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் எட்டு,
நடுவில் வாய் கிழிந்தவை.

வெள்ளவத்தையில் நாலாம் மாடி.
மருந்து நிறுக்கிற தராசு
ரயில் போய் முடியும்வரை நிற்காது.
பாணந்துறை வண்டிக்கு முள் நடுங்கும்,
மாத்தறைக் கடுகதிக்கு இன்னும் கொஞ்சம்.
கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பேன்.
அவசரக்காரருக்கு இந்த வேலை சரிவராது.
அவசரக்காரர் யாரும் இப்போது இந்த வீட்டில் இல்லை.

நட்சத்திர மடிப்பு வடிவானது.
கைப்பிடியை இழுக்க
எட்டு இதழும் நடுவுக்கு வந்து
ஒன்றின் தோளில் ஒன்று சாயும்.
ஆனால் ஆறேழு தரம் வெடித்த கோதில்
இதழ் களைத்துப்போய்
நடுவில் ஓர் ஊசிக்கண் விழும்.
போன மார்கழியில் அப்படியொன்று கவிழ்ந்து
இரவு ஒரு மணிக்கு
சன்னமெல்லாம் தரையோட்டில் ஓடின,
கட்டிலுக்கடியில், பிரிஜ்ஜுக்கடியில்,
அம்மாவின் சாமியறை வாசல்வரை.
கீழ்வீட்டு மிஸிஸ் டி கிரெட்சர்
காலையில் படியில் மறித்து
மேலே மழையா என்று கேட்டார்.

கிழிந்த வாய்க்கு வேறு வழி உண்டு.
கிழிசலை வெட்டி நேராக்கி,
சன்னத்தின் மேல் ஒரு வட்ட அட்டை வைத்து
விளிம்பை உள்ளே சுருட்டுவது.
பழைய முறை. கை வலிக்கும்.
சூடேறிய பிளாஸ்டிக்
அணைந்த மெழுகுதிரிபோல மணக்கும்.

அட்டை வெட்ட ஓர் அச்சு
பஞ்சிகாவத்தையில் நிஸ்தார் கடைந்து தந்தார்,
லொறி அச்சாணி ஒன்றின் மிச்சத்தில்.
"என்னத்த வெட்டப் போறீங்க?"
"கலியாண கார்ட்."
விலையில் நூறு ரூபாய் குறைத்தார்,
அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

முந்நூற்றைம்பது கார்ட்.
மெசஞ்சர் வீதியில் அடித்தது,
தடித்த மட்டை, தங்க எழுத்து.
தை மாதம் ஒரு தொலைபேசி வந்தது.
காரணம் கேட்டவர்களுக்கெல்லாம்
அம்மா எட்டு விதமாய்ச் சொன்னாள்.
ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்துதான் நின்றது எல்லாம்,
நடுவில் இருந்த ஊசிக்கண்ணால்
கொட்டாஞ்சேனைப் பெரியம்மா
முழுவதையும் பார்த்துவிட்டாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அச்சை வைத்துச் சுத்தியலால் அடித்தேன்.

ஒரு கார்டில் பதினாலு வட்டம்.
திருநிறைச்செல்வி இரண்டாய்ப் போனாள்:
'மயூ' ஒரு தோட்டாவில்,
'ரதி' இன்னொன்றில்.
அவருடைய பட்டம் தனியே வந்தது,
லண்டன் தனியே.
சுபமுகூர்த்தம் எப்படி வைத்தாலும்
அரைகுறையாகவே விழுந்தது.
மிஞ்சிய கார்ட் வடிதட்டு மாதிரி,
தூக்கிப் பிடித்தால் கடல் தெரிந்தது.

ஞாயிறு, அவிசாவளை வீதியில் திடல்.
"புல்" என்று கத்தினால்
குழிக்குள்ளிருந்து நுவன் மண்தட்டை விடுவான்.
அது இங்கிலிஷ்.
எனக்கு ஒவ்வொரு முறையும் புல்தான் கேட்கும்,
முழங்கால் உயரத்துக்கு, ஈரமாய்.
இருபத்தைந்தில் பத்தொன்பது உடைத்தேன்.
சுருட்டு வாய்க்கு உதை கொஞ்சம் கூட,
தோள் அதைச் சொல்லிற்று.

இடைவேளையில் நுவன் வந்தான்.
விரல் நுனியில் ஒரு வட்டம்,
ஓரம் கருகியிருந்தது.
"மிஸ், தமிழ்தானே, என்ன எழுதியிருக்கு?"

வாங்கிப் பார்த்தேன்.
'வருகை'யின் முன்பாதி.
"வரச் சொல்லி எழுதியிருக்கு" என்றேன்.

"யாரை?"

அவன் குழிக்குத் திரும்பும்வரை நின்றேன்.
இரண்டு தோட்டாவைச் செருகித்
துவக்கை மூடி
"புல்" என்றேன்.